கேங்மேன் ஆதிமூலத்துக்கு விரல் முளைத்தது

2002-ஆம் வருஷம் ஆனி மாதம் எங்கள் ஊரில் ஒரு சேதி பரவியது. எட்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன ரயில்வே கேங்மேன் ஆதிமூலம், அடி அண்ணாமலையில் சாமியாராக உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் பழைய பகுதி. அதை ஐந்து வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதற்காக டீ கிளாசைக் கீழே வைத்ததில்லை. புதிய பகுதி இது: வேலையில் துண்டாகிப் போன அவருடைய இடது கை மோதிர விரல், மலையடியில் உட்கார்ந்த புண்ணியத்தில் திரும்ப முளைத்துவிட்டதாம்.

திருவண்ணாமலையில் ஒரு சேதியைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவான காரியம். சொன்னவர் மனம் நோகும், கேட்டவர் பொழுது கெடும். ஆனால் விரல் என்பது எண்ணக்கூடிய பொருள். போய் எண்ணிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். பக்தியும் காரணமில்லை, பகுத்தறிவும் காரணமில்லை. அந்த விரலால் ஆதிமூலத்தின் மகள் தேவிப்ரியாவுக்குக் கிடைக்க வேண்டிய வேலை போய்க்கொண்டிருந்தது.

ஆதிமூலத்தின் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில். நகராட்சி அதற்கு ஒரு தலைவர் பெயரை வைத்திருந்தது. நாங்கள் தண்டவாளத் தெரு என்போம். நான் அதற்கு அடுத்த தெரு. அங்கே ரயில்வே வேலிக்கம்பியில் துணி காயும். குழாயடிச் சண்டை நடக்கும்போது வண்டி வந்தால் சண்டையை நிறுத்தி வைப்பார்கள், நல்ல வசவு ஒன்று சத்தத்தில் வீணாகிவிடக் கூடாது என்று. கடைசிப் பெட்டி தாண்டியதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும். 89-இல் ஊர் மாவட்டத் தலைநகரானது. லாட்ஜுகள் வந்தன, பௌர்ணமிக் கூட்டம் பெருகியது, தண்டவாளத் தெருவும் முன்னேறியது; அதாவது குளியலறை இருந்த இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் அதைப் பௌர்ணமி தோறும் வாடகைக்கு விட்டுவிட்டு, தாங்கள் மறுநாள் குளித்தார்கள்.

ஆதிமூலம் உயரமான ஆள். பேச்சு கம்மி. ஜல்லியைக் கெட்டிப்படுத்துவது, கட்டை மாற்றுவது, தண்டவாளம் தூக்குவது என்று கேங்கில் எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். எல்லாரும் செய்யாத ஒன்றையும் செய்தார். எங்கள் ஊருக்குச் சாவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் மலையைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருப்பார்கள். சிலருக்கு அந்தப் பொறுமை இருக்காது, தண்டவாளத்துக்கு வந்துவிடுவார்கள். போலீஸ் வரும்வரை அந்த உடலுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும். பிறகு பொறுக்கிச் சேர்த்துப் பாயில் சுருட்டித் தர வேண்டும். அன்றைக்குப் பார்த்து கேங்கில் பாதிப் பேருக்கு வயிற்று வலி வரும். ஆதிமூலத்துக்கு வராது.

“ஆதி கீறான், பாத்துக்குவான்” என்பார் கேங் மேஸ்திரி சக்கரவர்த்தி.

செத்தவர்களை ஆதிமூலம் ‘பார்ட்டி’ என்பார். முதலில் பாக்கெட்டில் ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். பஸ் டிக்கெட், கோயில் சீட்டு, ஒரு சலவைக் குறி, ஏதாவது. இல்லையென்றால் அன்று முழுக்க முகம் ஒரு மாதிரியாக இருக்கும். “பேரு தெரியாத பார்ட்டி” என்று மனைவி சந்திரகலாவிடம் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

தெருவின் நியாயம் வேறு. அந்த நாட்களில் அவர் ஸ்டேஷன் குழாயிலேயே குளித்துவிட்டுப் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். எதிர்வீட்டில் இட்லிக்கடை வைத்திருந்த காசியம்மாள் அவர் கையில் பொட்டலம் தர மாட்டாள். மதில் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அதே தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் கதவு தட்டப்படுவதும் ஆதிமூலம் வீட்டில்தான். அதற்கு மட்டும் முன்வாசல் வழியாகவே வருவார்கள்.

91-இல் தண்டவாளம் இறக்கும்போது விரல் போயிற்று. துண்டான விரலைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, லைன் ஓரம் குழி பறித்து அவரே புதைத்தார். “இத்தினி வருசத்துல தேடாமலே பேரு தெரிஞ்ச பார்ட்டி இது ஒண்ணுதான்” என்றாராம். அவர் சொன்னதாக நான் கேள்விப்பட்ட ஒரே ஜோக் அது.

94 ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. அந்த வாரம் லைனில் ஒரு தாயும் பெண்ணும் கிடந்தார்கள். பெண்ணுக்குத் தேவிப்ரியா வயசு. அப்போது தேவிப்ரியா ஆறாம் வகுப்பு. அந்தப் பிள்ளையின் பாக்கெட்டிலும் ஒன்றுமில்லை. அதன்பின் ஆதிமூலம் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ரெஸ்ட் நாளில் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனார். சலூனுக்கு வரவே இல்லை என்றார்கள்.

மற்ற ஊர்களில் ஆள் காணாமல் போனால் கிணற்றிலும் ஆஸ்பத்திரியிலும் தேடுவார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. சந்திரகலா புகார் கொடுக்கப் போனபோது எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டது, “கிரிவலப் பாதையில பாத்தியாம்மா?” என்பதுதான். இரண்டு தடவை மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தபின்தான் புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

சந்திரகலா ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலைக்குப் போனாள். தெரு மூன்று வருஷம் காத்திருந்தது. மூன்றாவது வருஷம் ஒரு பௌர்ணமி முடிந்து வந்த காசியம்மாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “ஆதிமூலத்தைப் பாத்துட்டேன்.”

அடி அண்ணாமலையில் ஒரு கிணற்றடியில், தகரத்தின் கீழ், மௌன சாமி ஒருவர். முகம் முழுக்கத் தாடி. ஆனால் உயரம் ஆதிமூலம் உயரம், பார்வை ஆதிமூலம் பார்வை. பேசவே இல்லை, ஆதிமூலம் எப்போது பேசினார், அதுவும் பொருந்திப் போயிற்று. தெருவே டெம்போ வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தது. சந்திரகலாவையும் கூட்டிப்போய் எதிரில் நிறுத்தினார்கள். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அழுதாள். அழுகையைத் தெரு தன் விருப்பப்படி எடுத்துக்கொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காசியம்மாள் ஒரு முழம் மல்லிகையோடு வந்தாள். “உம் புருஷன் சாமியா கீறாரு. நீ எதுக்கு மூளியா நிக்கிற? திரும்பு” என்று தலையில் வைத்துவிட்டாள். அதிலிருந்து வாரா வாரம் பூ. குழாயடியில் சந்திரகலாவின் குடத்துக்கு முதல் இடம். பிணம் தூக்கி மகள் என்று தேவிப்ரியாவைச் சீண்டிய பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பொறுக்கியவரை மதிலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திய தெரு, துறந்தவரைப் பூஜையறையில் வைத்தது.

ஏழு வருஷம் ஆளைப் பற்றித் தகவல் இல்லையென்றால் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டால் வாரிசுக்கு ரயில்வேயில் வேலை கேட்கலாம். பிளஸ் டூ முடித்திருந்த தேவிப்ரியாவுக்காக மேஸ்திரி சக்கரவர்த்தி அலைந்து மனுப் போட்டார். 2002 ஆனியில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், கையில் குடை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் காசியம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். வினை அங்கே தொடங்கியது.

“ஆதிமூலம்னு ஒருத்தர் இந்தத் தெருவுல இருந்தாராம்மா?”

“இருந்தாராவா? இருக்காரு சார்.”

“எங்க?”

“அடி அண்ணாமலையில. சாமியா.”

“நீங்க பாத்தீங்களா?”

“மாசா மாசம் பாக்குறேன். தயிர் சாதம் நான்தானே குடுக்குறேன். வாங்குறப்ப ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, நம்ம வீட்டு நல்லது கெட்டது அத்தினியும் தெரிஞ்ச பார்வை.”

தெரு கூடிவிட்டது. ஒருவருக்கு அந்தச் சாமி கொடுத்த திருநீற்றில் மூட்டுவலி கம்மியாகியிருந்தது. இன்னொருவர் மகனுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. வெளியூர் ஆபீசர் ஒருவர் கேட்கிறார், நம் தெருப் பெருமையைக் குறைத்துச் சொல்வதா என்று ஆளாளுக்கு ஒரு பிடி சேர்த்தார்கள். சந்திரகலா லாட்ஜில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா தாலி போட்டிருக்காங்களா?”

“இன்னா சார் இப்படிக் கேக்குறீங்க. வெள்ளிக்கிழமை தவறாம பூ நான்தான் வச்சி உடுறேன்.”

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். “அடையாளம், இடது கை மோதிர விரல் இல்லைனு போட்டிருக்கு. சாமிக்கு அந்த விரல் இருக்கா, இல்லையா?”

தெரு காசியம்மாளைப் பார்த்தது. மாதா மாதம் அந்தக் கையில் தயிர் சாதம் வைத்தவள் காசியம்மாள். கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்கிறவள் இல்லை அவள்.

“இருக்குது சார்.”

“அப்ப அது வேற ஆளும்மா.”

“ஏன் சார், சாமியானப்புறம் ஒரு விரல் முளைக்காதா? நெருப்பையே மலையா நிக்க வச்சவரு, ஒரு விரல் குடுக்குறதுதான் கஷ்டமா?”

முளைத்த விரலுக்கு அதிகாரியின் காகிதத்தில் இடம் இல்லை. உயிரோடு இருக்கிறார், மனைவி தாலியோடு இருக்கிறார் என்பதற்கு இடம் இருந்தது. அதை எழுதிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் விரல் ஊரெல்லாம் முளைத்துவிட்டது. சக்கரவர்த்தி வந்து என்னிடம் தலையில் அடித்துக்கொண்டபோதுதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது.

நான் போனபோது லாட்ஜ் மொட்டை மாடியில் சந்திரகலா விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அது அவருதானாம்மா?”

“இல்லீங்க.”

“எப்பத்துலேருந்து தெரியும்?”

“டெம்போவுல இட்டுக்கினு போனாங்களே, அன்னிக்கே. அவரு காது வேற. இருபது வருசம் பக்கத்துல படுத்தவளுக்குக் காது தெரியாதா?”

“ஏன் சொல்லல?”

அவள் அடுத்த விரிப்பை எடுத்து முறுக்கினாள். “இன்னானு சொல்லச் சொல்றீங்க? பொணம் தூக்குறவன் பொண்டாட்டி, அவனும் உட்டுட்டுப் போயிட்டான். அதானே எம் பேரு. சாமி பொண்டாட்டி ஆனப்புறம்தான் ஒரு கொடம் தண்ணி சண்டையில்லாம புடிச்சேன். பொண்ணு வயசுக்கு வந்தப்ப தெருவே வரிசை வச்சிது. அது இல்லனு சொல்ல வாய் வரலீங்க.”

“இப்ப?”

“இப்ப எம் புருஷன் செத்துட்டாருனு நானே வீடு வீடாப் போய் நிரூபிக்கணும். செய்யறேன். பொண்ணு பொழைக்கணுமே.”

மறுநாள் காலை இரண்டு பேரும் அடி அண்ணாமலைக்குப் போனோம். பௌர்ணமி இல்லாத நாளில் கிரிவலப் பாதை நாய்களுக்குச் சொந்தம். தகரத்தின் கீழ் சாமி உட்கார்ந்திருந்தார். நான் விரல்களை எண்ணினேன். பத்து. எல்லா நகத்திலும் ஒரே பழைய அழுக்கு. எதுவும் புதிதாக முளைத்ததாகத் தெரியவில்லை.

சந்திரகலா கும்பிடவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். “எம் பொண்ணுக்கு வர வேண்டிய வேலை உங்களால போவுது. நீங்க யாருனு மட்டும் சொல்லுங்க.”

சாமி பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை. பல வருஷத்து மௌனம் இப்படிக் கலைந்தது: “டீ வாங்கியாந்தீங்களா?”

வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார். பெயர் அப்பாசாமி. வந்தவாசிப் பக்கம், கோரைப்பாய் நெசவு. வீட்டில் ஒரு சண்டை, கோபத்தில் பஸ் ஏறியவர் இங்கே இறங்கினார். “நான் எதையும் சொல்லலம்மா. ஒரு அம்மா வந்து கேங்மேன் சாமினு சோறு வச்சிது. பசிக்கிறப்ப, நான் அவன் இல்லனு சொல்லிச் சோத்தைத் திருப்பித் தர்ற ஆளு நான் இல்ல.”

“உங்க வீட்டுல தேடலியா?”

“தேடி முடிச்சிட்டாங்க. எங்கூர்க்காரர் ஒருத்தர் பௌர்ணமிக்கு வந்தாரு. மௌன சாமிகிட்ட எல்லாத்தையும் கொட்டுவாங்க இல்ல, அப்படி ஊர்க்கதை சொன்னாரு. பாய்க்கார அப்பாசாமிக்குக் கருமாதி ஆயிடுச்சினு எங்கிட்டயே சொல்லிட்டு, எங்கிட்டயே திருநீறு வாங்கினு போனாரு.”

சந்திரகலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஸ்டேஷனுக்கு வந்து ஆபீசருகிட்ட இதைச் சொல்லணும்.”

“சொன்னா இந்த எடம் போயிடும்மா.”

“தெரியும். அதான் கால்ல உழாம கேக்குறேன். உழுந்து கேட்டா சாமிகிட்ட கேட்டதாயிடும்.”

அவர் மறுபடி மௌனமானார். இந்தத் தடவை அது விரதம் இல்லை. காலி டீ கிளாசின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மீன் கொழம்பு வைப்பியா?” என்றார். “இங்க உக்காந்த நாளா தயிர் சாதம், புளி சாதம், சுண்டல். சாத்தனூர் டேம் மீனு, புளி கொஞ்சம் ஜாஸ்தியா…”

“ஆர்டர் வரட்டும். மொதக் கொழம்பு உங்களுக்குத்தான் சாமி.”

“மீன் கேக்குறவனை சாமின்னாத.”

சக்கரவர்த்தி மறு விசாரணைக்கு எழுதிப் போட்டு, ஆடியில் அந்த அதிகாரி திரும்ப வந்தார். ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் விசாரணை. தண்டவாளத் தெரு பாதிக்கு மேல் வந்திருந்தது. அப்பாசாமி தாடியை வழித்துக்கொண்டு வந்திருந்தார். தாடிக்குள்ளிருந்து யாருக்கும் தெரியாத ஒரு சின்ன மோவாய் வெளிவந்தது. மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து, பெயர், ஊர், தொழில் சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

சக்கரவர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்கிட்ட வேலை செஞ்ச ஆளு இது இல்ல சார்” என்றார்.

வெளியே பிளாட்பாரத்தில் காசியம்மாள் மறித்துக்கொண்டாள். “அஞ்சு வருசம் எந் தயிர் சாதத்தைத் தின்னியே, ஒரு வார்த்தை சொன்னியா?”

“நீங்க ஒரு நாளாச்சும் எம் பேரைக் கேட்டீங்களாம்மா?”

“மௌன சாமிகிட்ட எவய்யா பேரு கேப்பா?”

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். காசியம்மாள் சந்திரகலாவின் பக்கம் திரும்பினாள். “உம் புருஷனை நாங்க உசுரோட வச்சிருந்தோம். நீதான்டி சாகடிச்சிட்ட.”

செத்தவர் என்று ஆனபின் சடங்கை விட முடியாது என்று தெரு முடிவு செய்தது. உடல் இல்லாததால் வைக்கோலில் பொம்மை. சக்கரவர்த்திதான் கட்டினார். சுடுகாட்டில் அதற்கு இடது கையில் நாலு விரல் வைப்பதா, அஞ்சு விரல் வைப்பதா என்று ஒரு பேச்சு கிளம்பியது. மேலே போகிறவர் முழுசாகப் போகட்டும் என்றார் ஒரு பெரியவர். “நான் ஹாஜர் போட்ட ஆளுக்கு நாலுதான்” என்று சக்கரவர்த்தி ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்தார். எத்தனையோ பேரைப் பாயில் சுருட்டி அனுப்பியவருக்கு எரிக்கக் கிடைத்தது ஒரு கட்டு வைக்கோல். சீக்கிரம் எரிந்துவிட்டது.

பத்தாம் நாள் சந்திரகலாவுக்குத் தலை கொள்ளாமல் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பெரிய பொட்டு வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். செய்தது வெள்ளிக்கிழமைகளில் பூ கொண்டுவந்த அதே கைகள். வளையலை உடைத்த காசியம்மாள் உடைக்கும்போது நிஜமாகவே தேம்பினாள். அந்தத் தெருவில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் எங்கும் சொல்லவில்லை. மறுநாள் குழாயடியில் சந்திரகலாவின் குடம் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

2003 தை மாதம் தேவிப்ரியாவுக்கு ஆர்டர் வந்தது. திருக்கோவிலூர் பக்கம் ஒரு கேங்கில் வேலை. அப்பா செய்த அதே வேலை, ஜல்லிக்கூடையும் கடப்பாரையும். சேர்ந்து ஒரு மாதம் ஆகும் முன்பே லைனில் ஒரு உடல் கிடந்தது. அங்கே இருந்த மேஸ்திரி, “நீ ஆதிமூலம் பொண்ணுதானே, பாத்துக்க மாட்டியா?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாராம். பயிற்சி எதுவும் தேவைப்படாது என்று நினைத்திருக்க வேண்டும். போலீஸ் வரும்வரை தேவிப்ரியா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சந்திரகலா வாசலில் நிறுத்தவில்லை. உள்ளேயே வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

முதல் சம்பளத்தில் சந்திரகலா சாத்தனூர் மீன் வாங்கிப் புளி ஜாஸ்தியாகக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனாள். தகரம் அங்கேயே இருந்தது. அதன் கீழ் வேறொரு சாமி இருந்தார். மூடியைத் திறக்கும் முன்பே வாசனை பிடித்துவிட்டு, “அசைவமா? அப்படித் தள்ளி வைம்மா” என்றார். பக்கத்து டீக்கடைக்காரர் விவரம் சொன்னார். விசாரணை முடிந்த வாரமே, ஏமாற்றுக்காரன் என்று நாலு பேர் வந்து அப்பாசாமியின் சட்டியை உடைத்து, அவரையும் இரண்டு தட்டு தட்டி விரட்டிவிட்டார்கள். எந்தப் பக்கம் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

குழம்பைத் திருப்பி எடுத்துவந்தாள். தேவிப்ரியா தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, “அது அவரு பங்குடி” என்று மறுத்துவிட்டாளாம். இரண்டு நாள் சுண்ட வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டினாள்.

பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: “வந்தவாசிப் பக்கம் போறீங்களாங்க? அந்தாளு எங்கனா தென்பட்டா சொல்லுங்க. கொழம்பு பாக்கி நிக்குது.”

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவாசி போனபோது பாய்க்கடைகளில் விசாரித்தேன். மூன்றாவது கடையில் ஒருவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“நம்ம அப்பாசாமியா? அவரு செத்து எத்தினியோ வருசமாச்சேங்க. கருமாதி சோறு நானே சாப்ட்டேன்.”

இல்லை, உயிரோடுதான் இருந்தார், நான் டீ வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சந்திரகலாவிடம், ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். “சரிங்க, பாப்போம்” என்றாள். மீன்காரி தெருவுக்குள் வந்தால் அவள் இன்னமும் சாத்தனூர் மீனா என்று கேட்கிறாள். ஆம் என்றால் வாங்குவதில்லை.